தீவனத்தில் சேர்க்கும் சத்துப்பொருள்கள் பாதுகாப்பானவை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கறவை மாடுகளுடன் சில செம்மறியாடுகளும் வளர்க்கும் ஒருவர், தாம் வாங்கும் தாது உப்புக் கலவையின் உறையிலும் வைட்டமின் பொடியின் டப்பாவிலும் "ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வைட்டமினும் தாதுவும் அமினோ அமிலமும் உடலுக்குத் தேவையான சத்துகள்தானே, அவற்றுக்கு எதற்காகப் பாதுகாப்பு ஆய்வு என்பது முதல் கேள்வி. அந்த ஒப்புதலை யார், எதைப் பார்த்துத் தருகிறார்கள், அதை நம்பி அளவைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது. கூட்டிக் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதற்குத்தான் விரிவான விளக்கம் தேவைப்படுகிறது.

உடலுக்குத் தேவையே இல்லாத ஒரு வேதிப்பொருளை, எடுத்துக்காட்டாக ஒரு நிறமியை, மதிப்பிடுவது கருத்தளவில் எளிது. விலங்குச் சோதனையில் எந்தத் தீங்கும் காட்டாத மிக உயர்ந்த அளவைக் கண்டுபிடித்து, அதை நூறால் வகுத்தால், மனிதர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு கிடைத்துவிடுகிறது. விலங்குக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டுக்குப் பத்து, ஆக நூறு என்பது அதன் கணக்கு. சத்துப்பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது. செலினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடைகளின் தேவை ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மில்லிகிராம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அசைபோடும் விலங்குகள் தாங்கக்கூடிய உச்ச அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம், கோழிகளுக்கு 3 மில்லிகிராம். ஐந்தை நூறால் வகுத்தால் 0.05 வருகிறது. அந்த "பாதுகாப்பான" அளவைக் கொடுத்தால் கன்றுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் செலினியக் குறைபாட்டால் தசை வெளிறிச் சிதையும் நோய் வரும். ஆகவே சத்துப்பொருளின் பாதுகாப்பை மதிப்பிடுபவர், தேவைக்கும் தீங்குக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடம் எந்த விலங்குக்கு, எந்த வேதி வடிவில், யாருடைய தட்டு வரை நீள்கிறது என்று கேட்கிறார். பொருள் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

செலினியத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளுக்குக் குளம்பு கழன்று, வால்மயிர் உதிர்ந்த நோய்க்குக் காரணம் செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த தீனி என்று தெரியவந்தபோது, அது நஞ்சாகத்தான் அறிமுகமானது. 1957இல்தான் ஷ்வார்ட்ஸும் ஃபோல்ட்ஸும் அது உயிர் வாழத் தேவையான நுண்சத்து என்று காட்டினார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைத் தீவனத்தில் சேர்க்க முதன்முதலாக அனுமதித்தது 1974இல். நம் நாட்டிலும் இரு முகங்களையும் பார்க்கலாம். பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் மாவட்டங்களில் சில பகுதிகளின் மண்ணிலேயே செலினியம் மிகுதியாக இருப்பதால், அங்கே விளைந்த வைக்கோலைத் தின்னும் எருமைக்குக் கூடுதல் செலினியம் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். மண்ணில் செலினியம் குறைந்த வேறொரு மாவட்டத்தில் அதே பொடி நோயைத் தடுக்கும்.

இனி யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு வருவோம். உறையில் குறிப்பிடப்படும் ஐரோப்பிய ஒப்புதலின் அடிப்படை, 2003 செப்டம்பரில் இயற்றப்பட்ட 1831/2003 என்ற எண்ணுடைய சட்டம். அது தீவனச் சேர்க்கைகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்றான சத்துச் சேர்க்கைகள் என்ற வகைக்குள் வைட்டமின்கள், நுண் தாதுக்களின் சேர்மங்கள், அமினோ அமிலங்கள், யூரியாவும் அதன் வழிப்பொருள்களும் என நான்கு பிரிவுகள் உண்டு. விண்ணப்பிக்கும் நிறுவனம் பொருளின் அடையாளம், பாதுகாப்பு, பயன் ஆகிய மூன்றுக்கும் தரவுகளைத் தன் செலவில் திரட்டிக் கொடுக்க வேண்டும். இத்தாலியின் பார்மா நகரில் இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வல்லுநர் குழு அதைப் படித்து அறிவியல் கருத்துரை வழங்கும். தீவனத்தில் அந்தப் பொருளை அளந்தறியும் முறை நம்பத்தக்கதா என்பதை, அதற்கென்றே அமைந்த ஓர் ஆய்வகம் தனியாகச் சரிபார்க்கும். ஒப்புதலின் ஆயுள் பத்தாண்டு. அதன் பிறகு மீண்டும் மதிப்பீடு.

வணிகர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. வைட்டமின், தாது போன்றவற்றுக்கு வழங்கப்படும் ஒப்புதல் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கோ வணிகப் பெயருக்கோ உரியதன்று. இன்ன தூய்மையுள்ள இன்ன சேர்மம், இன்ன விலங்குக்கு, மொத்தத் தீவனத்தில் இந்த அளவுக்கு மேற்படாமல் என்ற நிபந்தனைகளோடு சேர்ந்ததே அந்த ஒப்புதல். நிபந்தனைகளை நீக்கிவிட்டு "ஒப்புதல் பெற்றது" என்ற சொல்லை மட்டும் உறையில் அச்சிட்டால் அதற்குப் பொருளே இல்லை. துத்தநாக ஆக்சைடைப் பாருங்கள். ஐரோப்பாவில் பன்றிக்குட்டித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகம் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை என்றால் அது சத்துச் சேர்க்கை. அதே வெள்ளைப் பொடியைப் பால் மறக்கடித்த குட்டிகளின் கழிச்சலைத் தடுக்க 2,500 மில்லிகிராம் அளவில் கொடுத்தபோது அது கால்நடை மருந்தாகக் கணக்கிடப்பட்டது. அந்த மருந்துப் பயன்பாடு 2022 ஜூனோடு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது, சத்துப் பயன்பாடு இன்றும் தொடர்கிறது.

மதிப்பீட்டின் முதல் படி, டப்பாவுக்குள் இருப்பது உண்மையில் என்ன என்பது. அலுவலகச் சடங்கு போலத் தோன்றும் இந்தப் படியில்தான் தீவன உலகின் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன என்பதால் இதில் சற்று நேரம் நிற்கிறேன். 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே வேதி நிறுவனம் இரண்டு பொருள்களைத் தயாரித்து வந்தது. ஒன்று மாடுகளுக்கான மக்னீசியம் ஆக்சைடு, வணிகப் பெயர் நியூட்ரிமாஸ்டர். மற்றது பிளாஸ்டிக்கில் தீப்பற்றாமல் தடுக்கும் புரோமின் சேர்மம், வணிகப் பெயர் ஃபயர்மாஸ்டர். பெயர் ஒற்றுமையால் மூட்டைகள் மாறித் தீவன ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. மாடுகள் தீனி எடுக்காமல், பால் வற்றி, குளம்பு வளைந்து மெலிந்தன. காரணம் தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆனது. முடிவில் சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன, அந்த மாநிலத்து மக்களில் பெரும்பாலோர் அதற்குள் அந்தச் சேர்மத்தைப் பாலோடும் இறைச்சியோடும் உட்கொண்டிருந்தார்கள். மக்னீசியம் ஆக்சைடு எவ்வளவு பாதுகாப்பானது என்ற எந்த ஆய்வும் இதைத் தடுத்திருக்காது.

மூட்டை மாறாத போதும் மாசு உடன் வரலாம். 2008இல் சிலியிலிருந்து தென் கொரியாவுக்கு ஏற்றுமதியான பன்றி இறைச்சியில் டையாக்சின் என்ற நச்சுச் சேர்மம் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வேரைத் தேடிப் போனபோது, உலோகச் சுத்திகரிப்பின் வழியாகக் கிடைத்த துத்தநாக ஆக்சைடைத் தாது முன்கலவையில், அதாவது தீவனத்தில் சிறிதளவு சேர்ப்பதற்காக முன்கூட்டியே கலந்து வைக்கும் செறிவான பொடியில், சேர்த்திருந்தது தெரியவந்தது. இத்தகைய சேர்மங்களில் காட்மியம், ஈயம், ஆர்சனிக், டையாக்சின் ஆகியவற்றுக்கு ஐரோப்பா தனி வரம்புகள் வைத்திருப்பது இதனால்தான். நம் ஊரில் பாஸ்பரஸ் மூலமாகச் சேர்க்கும் பாறைப் பாஸ்பேட்டில் புளோரின் மிகுந்திருக்கும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். புளோரின் நீக்கப்படாத மலிவான கலவை மாட்டின் பல்லையும் எலும்பையும் மெல்லக் கெடுக்கும், அதன் பாதிப்பு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும்.

நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கும் சத்துகளுக்கு வேறொரு வகையான கேள்வி எழுகிறது. இன்று தீவனத்தில் சேரும் லைசின், திரியோனின், டிரிப்டோபான், வைட்டமின் பி2, பி12 ஆகியவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள் உண்டாக்குபவை. வேதி அமைப்பில் அவை இயற்கைச் சத்துக்கு முற்றிலும் ஒத்தவை என்பது உண்மைதான், ஆனால் அவற்றோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதே பிரச்சினை. 2014இல் சீனாவிலிருந்து வந்த தீவனத்தர வைட்டமின் பி2 சரக்கு ஒன்றில், மரபணு மாற்றப்பட்ட பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா உயிரோடு இருப்பதை ஜெர்மானிய ஆய்வகங்கள் கண்டறிந்தன. அத்தகைய ஒரு திரிபைக் கொண்டு தயாரித்த 80 விழுக்காடு ரைபோபிளேவினைப் பின்னர் பார்மா ஆணையம் மதிப்பிட்டபோது, உற்பத்தி செய்யும் பாக்டீரியாவே உயிரோடும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களோடும் இறுதிப் பொருளில் இருப்பதாக முடிவு வந்தது. 2018இல் அந்தச் சேர்க்கைக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கோழிக்கு வைட்டமின் பி2 கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை. கோழியின் குடலிலும் எருவிலும் அந்த மரபணுக்கள் வேறு கிருமிகளுக்குத் தாவக்கூடும் என்பதே மறுப்புக்குக் காரணம்.

டிரிப்டோபானின் கதை இன்னும் பழையது. 1989இல் அமெரிக்காவில் மனிதர்கள் சத்து மாத்திரையாக உட்கொண்ட நொதித்த டிரிப்டோபானால் 1,500க்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான தசைவலியும் இரத்த அணு மாற்றமும் கொண்ட ஒரு புதிய நோய் வந்தது, குறைந்தது 37 பேர் இறந்தார்கள். ஒரே ஓர் உற்பத்தியாளரின் பொருளோடு அந்த நோய் தொடர்புபடுத்தப்பட்டது, அதில் இருந்த நுண்ணிய மாசுகள் ஐயத்துக்கு உள்ளாயின. அவற்றுள் ஒன்று இரண்டு டிரிப்டோபான் மூலக்கூறுகள் இணைந்த சேர்மம். இன்றைக்கும் ஐரோப்பியத் தீவனச் சட்டத்தில் டிரிப்டோபானுக்கான விவரக்குறிப்பில் 98 விழுக்காடு தூய்மையோடு, அந்த இரட்டைச் சேர்மம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது.

பொருள் எது என்பது உறுதியான பிறகுதான் அதைத் தின்னப்போகும் விலங்கைப் பற்றிய ஆய்வு. புதிய சேர்க்கைகளுக்குத் தாங்கு திறன் சோதனை என்ற ஒன்றை நடத்துகிறார்கள். சேர்க்கை இல்லாத தீவனம், பரிந்துரைத்த உச்ச அளவுள்ள தீவனம், அதைப்போலப் பல மடங்கு அளவுள்ள தீவனம் என மூன்று குழுக்களாவது இருக்கும். கறிக்கோழிக்கு 35 நாள், பால் மறந்த பன்றிக்குட்டிக்கு 42 நாள், முட்டைக்கோழிக்கும் கறவை மாட்டுக்கும் 56 நாள் என்று கால அளவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. தீனி எடுப்பு, எடை, முட்டை அல்லது பால் அளவு, இரத்தச் சோதனைகள் ஆகியவற்றைப் பார்த்து, பல மடங்கிலும் தீங்கில்லை என்றால் இடைவெளி அகலம் என்று கொள்வார்கள். லைசின் போன்ற பழகிய அமினோ அமிலங்களுக்கு இந்தச் சோதனையை வற்புறுத்துவதில்லை. ஏனெனில் அளவு மிஞ்சினால் விலங்கு அதை எரித்து நைட்ரஜனாக வெளியேற்றிவிடும், பெரும்பாலும் நட்டம் பணத்துக்குத்தான். மெத்தியோனின் மட்டும் அவ்வளவு சாதுவானதன்று, அமினோ அமிலங்களுள் மிகையால் விரைவில் தீங்கு காட்டுவது அதுவே.

இந்த இடத்தில்தான் "ஒரு விலங்குக்கு நல்லது இன்னொன்றுக்கும் நல்லது" என்ற நம் பழக்கமான எண்ணம் உடைகிறது. பன்றிக்கும் கோழிக்கும் டிரிப்டோபான் நல்ல சத்து. அதையே மாட்டுக்கு எந்தப் பாதுகாப்புப் பூச்சும் இல்லாமல் மிகுதியாகக் கொடுத்தால், பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை மூன்று-மெத்தில் இண்டோல் என்ற பொருளாக மாற்றுகின்றன, அது இரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்கி மூச்சுத்திணறலை உண்டாக்குகிறது. அசைபோடும் விலங்குகளுக்கு டிரிப்டோபானைப் பெருவயிற்றில் கரையாத வடிவில்தான் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். யூரியாவில் நிலைமை தலைகீழ். மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கிக்கொள்ளும், பன்றிக்கோ பெருவயிறு இயங்கத் தொடங்காத இளங்கன்றுக்கோ அதனால் பயனில்லை. மாட்டுக்கும் ஒரே வேளையில் அதிகம் போனால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி வயிறு உப்பி, நடுங்கி, சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஐரோப்பிய வல்லுநர் குழு 2012இல் யூரியாவை மதிப்பிட்டபோது, பழக்கப்படுத்திய விலங்குக்கு, எளிதில் செரிக்கும் மாவுச்சத்தோடு சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராம் வரை என்று வரையறுத்தது. 400 கிலோ மாட்டுக்கு அது 120 கிராம். அந்தக் கருத்துரையில் எண்ணைவிட முக்கியமானவை "பழக்கப்படுத்திய" என்பதும் "மாவுச்சத்தோடு" என்பதும். யூரியா ஏற்றிய வைக்கோலையும் வெல்லப்பாகுக் கட்டியையும் பயன்படுத்தும் நம் விவசாயிகள் இதை அனுபவத்திலேயே அறிவார்கள்.

கேட்டவர் செம்மறியாடும் வைத்திருப்பதால் தாமிரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரையும் பன்றியும் கோழியும் 250 வரையும் தாமிரத்தைத் தாங்கும் என்றும், செம்மறிக்கு அந்த உச்சம் 15 மட்டுமே என்றும் அமெரிக்க மதிப்பீடு சொல்கிறது. ஐரோப்பியச் சட்டமும் செம்மறித் தீவனத்துக்கு 15 என்றே வைத்திருக்கிறது. மிகைத் தாமிரத்தைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும் திறன் செம்மறியின் ஈரலுக்கு மிகக் குறைவு, அதனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது ஈரலிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஆடு நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் வண்டிப் பயணமோ, தீனி மாற்றமோ, குட்டி ஈனுதலோ உடலை உலுக்கும்போது ஈரல் தாமிரத்தை ஒரேயடியாக இரத்தத்தில் கொட்ட, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் செங்கருப்பாகி, கண் மஞ்சளித்து ஆடு ஓரிரு நாளில் மடியும். 56 நாள் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகக்கூடிய தீங்கு இது. ஆகவே இப்படி உடலில் சேர்ந்து தங்கும் இயல்புள்ள தாதுக்களுக்குச் சோதனை முடிவில் ஈரலையே அறுத்துப் பார்த்து அளக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீவனத்தில் மாலிப்டினமும் கந்தகமும் போதிய அளவு இருந்தால் அவை தாமிரத்தைப் பெருவயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும், அவை குறைவாக இருந்தால் 15க்குக் கீழும் ஆபத்து வரலாம். ஆகவே ஒற்றைப் பொருளுக்கு ஒற்றை எண் என்பது ஒரு வசதிக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடுதான். பைட்டேட் என்ற தாவரப் பாஸ்பரஸ் சேர்மம் மிகுந்த தவிடும் புண்ணாக்கும் துத்தநாகத்தைக் கட்டிப்போடுவதும், அதைச் சிதைக்கும் பைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் அது விடுபட்டுத் தேவையே குறைவதும் இதே வகை.

அடுத்தது, பாலையும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணும் மனிதர். எல்லாச் சத்தும் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. மாட்டுக்குத் தாமிரத்தைக் கூட்டினால் பாலில் தாமிரம் ஏறாது, ஈரலில்தான் ஏறும். அயோடின் அப்படியன்று, தீவனத்தில் கூட்டினால் பாலிலும் முட்டையிலும் உடனே கூடும். கரிமச் செலினியம், அதாவது அமினோ அமிலத்தோடு இணைந்த செலினியம், புரதத்தில் மெத்தியோனின் இருக்க வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துகொள்வதால் இறைச்சிக்கும் பாலுக்கும் மிகுதியாகச் செல்லும். அதனால்தான் ஐரோப்பாவில் மொத்தச் செலினியத்துக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற பொது வரம்போடு, ஈஸ்ட் போன்ற கரிம வடிவில் சேர்ப்பதற்கு 0.2 என்ற தனி வரம்பும் இருக்கிறது. தனிமம் ஒன்றே, வடிவம் மாறியதும் மதிப்பீடும் மாறுகிறது.

மனிதரின் உட்கொள்ளலைக் கணக்கிட முன்பெல்லாம் ஓர் எளிய, வேண்டுமென்றே மிகைப்படுத்திய தட்டைக் கற்பனை செய்துகொண்டார்கள். நாளொன்றுக்கு 300 கிராம் இறைச்சி, 100 கிராம் ஈரல், 50 கிராம் சிறுநீரகம், 50 கிராம் கொழுப்பு, ஒன்றரைக் கிலோ பால், 100 கிராம் முட்டை உண்ணும் ஒருவர். இப்படி உண்பவர் யாருமில்லை, அவருக்கே தீங்கில்லை என்றால் மற்றவருக்கும் இல்லை என்பது அதன் தர்க்கம். இப்போது ஐரோப்பிய நாடுகளின் உணவுக் கணக்கெடுப்புகளை வைத்துக் குழந்தைகள், முதியோர் என்று வயதுவாரியாகக் கணக்கிடுகிறார்கள், அதில்தான் அயோடின் சிக்கல் வெளிப்பட்டது. கறவை மாட்டுக்கும் முட்டைக்கோழிக்கும் சட்ட வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம். அந்த உச்சத்தைக் கொடுத்தால், பால் அதிகம் குடிக்கும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் தங்களுக்கான நாள் வரம்பாகிய 200 மைக்ரோகிராமைத் தாண்டிவிடுவார்கள் என்று கண்ட வல்லுநர் குழு, மாட்டுக்கு 2, கோழிக்கு 3 என்று குறைக்க 2013இல் பரிந்துரைத்தது. ஆனால் ஐரோப்பாவில் பலருக்கு அயோடின் வந்து சேர்வதே பால் வழியாகத்தான். அதிகம் குறைத்தால் கர்ப்பிணிகளுக்குக் குறைபாடு வரும். குறைந்த அளவு பரிந்துரையாகவும் 5 என்பது சட்ட வரம்பாகவும் நின்றன.

வைட்டமின் ஏ இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. பெரியவர்களுக்கான நாள் உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம், 100 கிராம் மாட்டு ஈரலில் ஏறத்தாழ 5,000 அல்லது அதற்கும் மேல் இருக்கக்கூடும். மிகையான வைட்டமின் ஏ கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால், கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்குமாறு 1990இல் பிரிட்டன் அரசு அறிவுறுத்தியது. தீவனத்தில் தாராளமாகச் சேர்த்த வைட்டமின் ஏ ஈரலில் போய்த் தங்கியது அதன் பின்னணி. விலங்குக்கு ஒரு தீங்கும் இல்லாத அளவு அதன் ஈரலை உண்பவருக்கு மிகையாகலாம் என்பதால், விலங்கின் தாங்கு திறனையும் மனிதரின் வரம்பையும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததையே வரம்பாகக் கொள்கிறார்கள்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளியைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே எழுவதில்லை. ஐரோப்பிய மதிப்பீட்டில் அது தனிப் பகுதி. பொடி எவ்வளவு தூசியாகப் பறக்கிறது, அந்தத் துகள் நுரையீரல் வரை போகுமளவு நுண்ணியதா, தோலையும் கண்ணையும் உறுத்துமா என்றெல்லாம் அளக்கிறார்கள். கோபால்ட் உப்புகள் மூச்சு வழியே சென்றால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பதால், 2013 முதல் அவற்றைத் தூசி எழாத, பூச்சிட்ட குருணை வடிவிலேயே பெரும்பாலும் கையாள வேண்டியிருக்கிறது. கோபால்ட்டிலிருந்து வைட்டமின் பி12ஐத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் அசைபோடும் விலங்குகள், குதிரை, முயல் போன்றவற்றுக்கு மட்டும் அது அனுமதிக்கப்படுகிறது. முகமூடியில்லாமல் வெறுங்கையால் தாது முன்கலவை கலக்கும் சிறு ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குப் போகும் அளவைவிட அந்தத் தொழிலாளியின் மூச்சுக்குள் போகும் அளவைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

கடைசியாக மண். உண்ட தாமிரத்திலும் துத்தநாகத்திலும் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி வயலுக்குப் போகிறது. வைட்டமினும் அமினோ அமிலமும் சிதைந்து மறையும், தனிமம் சிதையாது. 1950களில் இங்கிலாந்தில் பன்றிக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் தாமிரம் கொடுத்தால் வேகமாக வளர்கிறது என்று கண்டதிலிருந்து, தேவையைப்போலப் பல மடங்கு தாமிரம் ஐரோப்பியப் பன்றிகளின் வழியே மண்ணுக்குப் போயிருக்கிறது. அதோடு, தாமிரத்தைத் தாங்கும் என்டிரோகாக்கஸ் பாக்டீரியாவின் மரபணு, சில நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தாங்கும் மரபணுக்களோடு ஒரே டி.என்.ஏ. வளையத்தில் பிணைந்திருப்பதை 2000களின் தொடக்கத்தில் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது மருந்தே கொடுக்காமல் தாமிரம் மட்டும் கொடுத்தாலும் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகலாம்.

பார்மா ஆணையம் 2016இல் இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பன்றிக்குட்டிகளுக்கும் தாமிரம் 25 மில்லிகிராம் போதும் என்று பரிந்துரைத்தது. அதுவரை வரம்பு 170. அரசுகளும் பன்றி வளர்ப்போரும் பேசி முடித்து 2018இல் வந்த சட்டம், பால் மறந்த நான்கு வாரம் வரை 150, அடுத்த நான்கு வாரம் 100, அதன் பின் 25 என்று நின்றது. இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. குட்டிகளின் கழிச்சலுக்கு மாற்று வழி இல்லாமல் திடீரென்று குறைத்தால் மருந்துப் பயன்பாடு கூடும் என்ற அச்சத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தில் அச்சாகும் எண்ணை அறிவியலின் தீர்ப்பு என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அறிவியல் கருத்துரையின் மேல் அரசு எடுத்த முடிவு. இரண்டையும் வேறு வேறு அமைப்புகள் செய்வதும், கருத்துரை முழுமையாக வெளியிடப்படுவதும் அந்த முறையின் வலிமை என்பது என் எண்ணம், ஏனென்றால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உங்களையும் என்னையும் போன்றவர்கள் படித்துப் பார்க்க முடிகிறது.

இனி உங்கள் தொழுவத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன ஐரோப்பிய வரம்புகள் பெரும்பாலும் மொத்தத் தீவனத்துக்கானவை, பொடியிலிருந்து சேர்ப்பதற்கு மட்டும் ஆனவையல்ல. தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம், பசுந்தீவனம் ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ளதையும், கம்பெனித் தீவனத்தில் கலந்து வருவதையும், நீங்கள் தனியாகத் தூவுவதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்டுக்கான தாது உப்புக் கலவை ஒன்றில் தாமிரம் 0.1 விழுக்காடு என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 20 கிராமை ஒரு கிலோ ஆட்டுத் தீவனத்தில் கலந்தால் 20 மில்லிகிராம் தாமிரம் சேர்கிறது. தீனியில் இயல்பாகவே 8 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 28. மாட்டுக்கு அது தாங்கும் அளவுக்குள்தான், செம்மறிக்கு வரம்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு.

ஆகவே உறையில் "ஒப்புதல்" என்ற சொல்லைத் தேடாமல், எந்த விலங்குக்கு என்பதையும், ஒவ்வொரு தாதுவும் எந்த வடிவில் எத்தனை விழுக்காடு என்பதையும், நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்பதையும் தேடுங்கள். அவை அச்சிடப்படாத டப்பாவை வாங்க வேண்டாம். கம்பெனி அடர்தீவனம் கொடுப்பவரானால் அதில் கலவை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தனிக் கலவையைத் தொடங்குங்கள், வைட்டமின் ஏ, டி, செலினியம் ஆகியவை இரண்டு மூன்று பொருள்களில் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். செம்மறியாடுகளுக்குத் தனித் தொட்டி வையுங்கள். மாட்டுக் கலவையையோ கோழி எரு சேர்ந்த தீனியையோ அவை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை மாட்டுக் கலவையையே ஆடுகளுக்கும் கொடுத்து வந்திருந்தால், இன்றே நிறுத்திவிட்டு, ஆடுகளை வண்டியேற்றுவதற்கோ தீனியைச் சட்டென்று மாற்றுவதற்கோ முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாமிரம் ஈரலில் சேர்ந்திருக்கும் ஆடு, வெளிப்பார்வைக்கு நல்ல ஆடாகத்தான் தெரியும்.